எழுவாய் இல்லாத ஒரு கேள்வி

புதிதாகக் கால்நடை மருத்துவத்துக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஓர் இலக்கணக் குறிப்போடு தொடங்குகிறேன். தமிழில் எழுவாய் இல்லாமலே ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம். 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டால் போதும். யார், எதை, எப்போது என்ற விவரம் எதுவும் வேண்டாம். எதிரில் இருப்பவர் 'ஆச்சு' என்பார். இரண்டு பேருக்கும் திருப்தி. இந்த வசதியால் ஓர் உயிர் போகப் பார்த்தது. கேள்வி கேட்டவன் நான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். புதுக்கோட்டை மாவட்டத்து மருந்தகங்களில் இருபத்தாறு வருடம் அரசு வேலை. பிறகு முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததால் விருப்ப ஓய்வு. வாடிவாசலில் காளை முட்டி என் முழங்கால் போனதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் கிளப்பவில்லை, மறுக்கவும் இல்லை. உண்மையில் கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு தடுப்பூசி முகாமில் வெள்ளாடு ஒன்று பின்னாலிருந்து இடித்ததில் நான் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தேன். ஆட்டின் உயரம் என் இடுப்புக்குக் கீழே. இந்த உண்மையை முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன். இதற்கு மேல் சொல்லப்போவது இதைவிட மானக்கேடானது என்பதால், இது ஒரு பயிற்சி.

ஓய்வுக்குப் பிறகு புதுக்கோட்டையில் ஒரு மாடி அறையில் கிளினிக் போட்டேன். மாடியில் கிளினிக் போட்டால் மாடு ஏறாது என்பது கணக்கு. நாய் வந்தது, பூனை வந்தது, கிளி வந்தது. அரசாங்கப் பழக்கம் விடாமல் ஒரு பதிவேடு வைத்திருந்தேன். மாடு, எருமை, ஆடு, கோழி, பன்றி என்று பத்திகள் கிழித்த பழைய மாதிரி. ஒரு மே மாதத் திங்கட்கிழமை காலை வந்த நோயாளியை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல், பெயரில் இருக்கிறதே என்று பன்றியில் எழுதினேன். எடை எண்ணூற்று எண்பது கிராம். அந்தப் பதிவேட்டில் இன்றுவரை அதுதான் மிகச் சிறிய பன்றி.

கொண்டுவந்தவர் ஆரோக்கியமேரி டீச்சர். ஆவூர்ப் பக்கம் ஒரு கிராமம், கணக்கு டீச்சர், கோடை விடுமுறையில் இருந்தார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கையில் துணி மூடிய பிளாஸ்டிக் கூடை. துணியை விலக்கினால், இரண்டு உள்ளங்கையைச் சேர்த்தால் கொள்ளும் அளவில், பழுப்பும் வெள்ளையுமாக ஒரு கினிப் பன்றி. மூலையில் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தது. மயிரெல்லாம் சிலிர்த்து, ஊதிப்போன பூனைக்குட்டி மாதிரி.

"இது என்னோடது இல்லைங்க டாக்டர். மக வளக்குறது. பேரு பொரி" என்றார்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஆலங்குடியிலிருந்து ஒருவர் பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். டீச்சர் சுளை எடுத்துக்கொண்டிருக்கும்போது பொரி கூண்டுக் கம்பியில் நின்று விசிலடித்திருக்கிறது. கேட்கிறதே என்று ஒரு சுளை. திரும்பவும் விசில். ஐந்து சுளை. சனிக்கிழமை அது, ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் கூண்டெல்லாம் நாசம். வயிற்றாலே போகிறது என்றதும் தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் செய்வதை டீச்சரும் செய்தார். தயிர்சாதம் கொடுத்தார்.

கினிப் பன்றியின் வயிற்றைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நீங்கள் சமீபத்தில் பரீட்சை எழுதியவர்கள். புல்லுக்கென்றே கட்டிய குடல், அதில் புல்லைப் புளிக்கவைக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்; சர்க்கரையும் சோறும் உள்ளே போனால் குடியிருந்தவர்களை விரட்டிவிட்டு ரவுடிகள் குடியேறிவிடுவார்கள். இதெல்லாம் எனக்கும் தெரிந்திருந்தது. படித்து முப்பது வருடம் ஆகியிருந்தாலும், டீச்சர் வராந்தாவில் காத்திருந்த பத்து நிமிடத்தில் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டேன். நான் சறுக்கியது புத்தகத்தில் இல்லாத இடத்தில்.

வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். காற்று இருந்தது. தோலுக்கடியில் நீர் ஏற்றினேன், வலிக்கும் வாயுவுக்கும் மருந்து கொடுத்தேன். டீச்சரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, பழமும் சோறும் தயிரும் கூடாது, வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இரண்டு, புல்லைத் தானாகத் தின்றால் சரி. தின்னாவிட்டால் காய்ந்த புல்லைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் ஊட்ட வேண்டும், எனக்கு உடனே சொல்லவும் வேண்டும். இரண்டையும் இந்த வரிசையில் சொன்னேன். வரிசையைக் கவனியுங்கள், பின்னால் வரும்.

கால்நடை மருத்துவரிடம் மனிதர்கள் சொல்லாத கதை கிடையாது. மனித மருத்துவரிடம் சொன்னால் அவர் சொந்தக்காரர் யாரிடமாவது சொல்லிவிடுவார் என்ற பயம் இருக்கும். நமக்கு மாட்டோடுதான் பழக்கம் என்று நினைக்கிறார்கள். நான் நீர் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் டீச்சர் சொன்னார். ஒரே மகள் ஜெனி. இரண்டு வருடத்துக்கு முன்னால் தானே ஒருவரைப் பார்த்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இவர் போகவில்லை. அதிலிருந்து பேச்சு இல்லை. இப்போது திருச்சியில் ஏழாம் மாதம். படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொரியைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் ஆள் இல்லை. தெரிந்தவர்களில் கோடை முழுக்க வீட்டில் சும்மா இருப்பவர் ஒரே ஒருத்தர். அவரோடுதான் பேச்சு இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் மருமகன் கூண்டைக் காரில் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

"காப்பி சாப்பிடுங்கன்னேன். நேரமாச்சுன்னுட்டுப் போயிட்டாரு. உள்ளயே வரலை."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு மகளிடமிருந்து போன் வரும். சாப்பிட்டாச்சா என்று கேட்பாள். டீச்சர் சொல்வார்: புல் தின்றது, கொத்தமல்லி தின்றது, கொய்யா இலை தின்றது. சரி என்று வைத்துவிடுவாள். அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

"ரெண்டு வருசத்துக்கப்பறம் ஏதோ பேச்சுன்னு ஒண்ணு இருக்குன்னா, அது இந்தக் கூடைக்குள்ளதாங்க இருக்கு" என்றார் டீச்சர். கணக்கு டீச்சர் விடையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். பிறகு பெயருக்கு விளக்கமும் கொடுத்தார். சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலேயே சட்டியில் பொரி பொரிவதுபோலத் துள்ளுமாம். "மக சொன்னா. எங்கிட்ட வந்து இன்னும் துள்ளலை."

இந்த இடத்தில் ஒருவரை நினைவுகூர வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். எந்த விவசாயி வந்தாலும், வாங்க என்று சொல்வதற்கு முன்னால், மாட்டுக்குப் பின்பக்கம் போய் நின்றுவிடுவார். சாணியைக் குச்சியால் கிளறுவார், விரலால் நசுக்கிப் பார்ப்பார், ஒருமுறை முகர்ந்தும் பார்த்தார். விவசாயி சொல்லும் கதையை அதற்குப் பிறகுதான் கேட்பார். நாங்கள் அவருக்குச் சாணி டாக்டர் என்று பெயர் வைத்திருந்தோம். அவர் மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே நான் நகைச்சுவைப் புத்தகங்கள் நிறையப் படித்து, பேச்சில் நயம் உள்ளவன் என்று பெயர் எடுத்தேன். அந்த நயம்தான் இந்தக் கதையில் குற்றவாளி.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு டீச்சருக்குப் போன் செய்தேன். விவசாயியாக இருந்தால் 'புழுக்கை போட்டுச்சா, எத்தனை, எப்படி இருக்கு' என்று கேட்டிருப்பேன். இவர் கஞ்சி போட்ட சேலைக்காரர், டீச்சர் வேறு. காலை நேரத்தில் ஒரு டீச்சரிடம் புழுக்கையைப் பற்றி எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது? மரியாதையாகக் கேட்டேன்.

"வணக்கம் டீச்சர். சாப்டாச்சா?"

"ஆச்சுங்க டாக்டர்."

"நல்லா சாப்டாச்சா?"

"நல்லாத்தாங்க. நீங்க சாப்டீங்களா?"

"ஆச்சு. நாலு இட்லி."

போனை வைத்தேன். பதிவேட்டில் பன்றிப் பத்தியில், 'நன்றாக உணவு உட்கொள்கிறது' என்று எழுதினேன். அதை இப்போதும் எடுத்துப் பார்ப்பதுண்டு. கையெழுத்து அழகாக இருக்கிறது.

'நீங்க சாப்டீங்களா' என்று அவர் திருப்பிக் கேட்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கினிப் பன்றியைப் பற்றிக் கேட்டவனிடம் எதற்கு அப்படித் திருப்பிக் கேட்கிறார்? உறைக்கவில்லை. நான்கு என்ற எண்ணிக்கையில் எனக்கிருந்த பெருமிதம் குறுக்கே நின்றது. சாயங்காலம் மறுபடி போன் செய்தேன். சாப்டாச்சா, ஆச்சுங்க. இந்தத் தடவை எனக்கு உப்புமா.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு டீச்சரே படியேறி வந்தார். சேலையில் கஞ்சி இல்லை. கூடையை மேசையில் வைத்துவிட்டு, "அவன் ஒரு மாதிரி இருக்கான் டாக்டர்" என்றார். திங்கட்கிழமை 'இது' என்றவர்.

பொரி வளைந்து உருண்டையாக இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. பல்லை நறநறவென்று அரைத்துக்கொண்டிருந்தது, வலி. காதும் பாதமும் குளிர்ந்திருந்தன. எடை எழுநூற்று எழுபது. இரண்டு நாளில் நூற்றுப்பத்து கிராம் குறைவு. உங்கள் எடையில் எட்டில் ஒரு பங்கு நாளை மறுநாள் காலைக்குள் போய்விடுவதாக நினைத்துப் பாருங்கள்.

"சாப்பிட்டுச்சுன்னு சொன்னீங்களே டீச்சர்" என்றேன். என் குரலில் கொஞ்சம் குற்றச்சாட்டும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"நான் எப்ப சொன்னேன்?"

"நேத்து ரெண்டு தடவை கேட்டேனே. ஆச்சுன்னீங்களே."

டீச்சர் என்னைப் பார்த்தார். வகுப்பில் விடையைத் தப்பாகச் சொன்ன பையனைப் பார்ப்பதுபோல இல்லை. கேள்வித்தாளையே தப்பாக அச்சடித்தவனைப் பார்ப்பதுபோல.

"நீங்க என்னையக் கேட்டீங்கன்னு நெனச்சேன்."

இட்லி நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு நினைவுக்கு வந்தன.

அப்புறம் விசாரித்ததில் மற்றதும் வெளிவந்தது. பொரிக்கு முன்னால் புல் வைத்தால் வாயில் எடுக்கிறான். இவர் பார்த்துக்கொண்டிருக்கும் வரை வாயில் வைத்திருக்கிறான். அந்தப் பக்கம் போனதும் கீழே போட்டுவிடுகிறான். கூட்டமாக வாழும், மற்றவற்றுக்கு இரையாகும் பிராணி. நோயைக் காட்டிக்கொண்டால் முதலில் பிடிபடுவது அதுதான். எனவே நலமாக இருப்பதுபோல நடிக்கும். விருந்துக்குப் போன வீட்டில் இலையைக் கிளறிவிட்டு 'போதுங்க, வயிறு நிறைஞ்சிருச்சு' என்பவர்கள் மாதிரி. ஆக அந்த இரண்டு நாளும் நான், டீச்சர், பொரி மூன்று பேருமே ஒருவருக்கொருவர் மரியாதையாக நடந்துகொண்டிருக்கிறோம்.

செவ்வாய் சாயங்காலம் அவன் வாயில்கூட எடுக்கவில்லை. அது டீச்சருக்குத் தெரிந்திருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வயித்துக்கு ஓய்வு குடுக்கணும்னு நீங்கதானே மொதல்ல சொன்னீங்க. எங்க வீட்டுல வயித்தால போனா ஒருநா ஒருசந்தி இருப்போம், சரியாப் போயிரும். அவனும் அப்படித்தான் இருக்கான்னு விட்டுட்டேன்."

ஒருசந்தி என்றால் தவக்காலத்தில் அவர்கள் ஒருவேளை மட்டும் உண்டு இருக்கும் நோன்பு. அந்தப் பழக்கத்தில் தப்பில்லை, மனித வயிற்றுக்கு. கினிப் பன்றியின் குடல் தள்ளுவதற்கு ஏதாவது வந்துகொண்டே இருந்தால்தான் நகரும். வரத்து நின்றால் குடலும் நிற்கும். ஒருநாள் நோன்பு போதும், அடுத்த நாள் திறக்க வேண்டிய கடை திறக்காது. 'ஓய்வு' என்ற சொல்லை முதலில் போட்டவன் நான். இரண்டாவது சொன்னது அதன் நிழலில் மறைந்துவிட்டது.

சரி, குற்றம் யாருடையது என்ற விசாரணை முடிந்தது. இனி என்ன செய்வது?

இங்கேதான் நீங்கள் என்னோடு கொஞ்சம் நிற்க வேண்டும். வயிறு வீங்கி, தின்னாமல், வலியில் இருக்கும் ஒரு கினிப் பன்றி. இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, குடல் சோர்ந்து நின்றிருக்கிறது. அப்படியென்றால் உடனே ஊட்ட வேண்டும், ஊட்டாவிட்டால் சாகும். இன்னொன்று, எங்கோ அடைத்திருக்கிறது, அல்லது இரைப்பை முறுக்கியிருக்கிறது. அப்படியென்றால் ஊட்டக் கூடாது, ஊட்டினால் சாகும். என்னிடம் எக்ஸ்ரே கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். மே மாத வெயிலில், பஸ்ஸில், இரண்டு மணி நேரம். இந்த உடம்பு அந்தப் பயணத்தைத் தாங்காது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அனுப்பிவிட்டால் வழியில் போனது விதி என்று ஆகும். இங்கே வைத்து ஊட்டிப் போனால் நான் கொன்றதாக ஆகும். அனுப்பிவிடலாம் என்ற ஆசை எனக்கு நிஜமாகவே வந்தது. அதை அறிவியல் மொழியில் 'மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை' என்று எழுதலாம். பதிவேட்டில் அதற்கும் இடம் உண்டு.

வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது நிமிடம், தூரத்தில் யாரோ நாற்காலியை நகர்த்துவதுபோல ஒரு சத்தம். அது குடலா, கீழ்க்கடையில் நிஜமாகவே யாராவது நாற்காலியை நகர்த்தினார்களா என்று தெரியவில்லை.

அப்போது நான் என்ன செய்தேன் என்றால், கூடையைச் சாய்த்து, துணியை உதறி, மூலையில் தேடினேன். மூன்று புழுக்கை. மிளகைவிடச் சின்னது, ஒரு பக்கம் கூர்மை, காய்ந்தது. ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினேன். உள்ளே ஈரம் இருந்தது.

"இது எப்ப போட்டது டீச்சர்?"

"பஸ்ஸுல வரும்போது. வீட்டுல கூடையத் தொடச்சுட்டுத்தான் துணி விரிச்சேன்."

அதாவது இந்த ஒரு மணி நேரத்துக்குள். உள்ளேயிருந்து வெளியே மூன்று வந்திருக்கிறது என்றால் பாதை மூடவில்லை. குறுகியிருக்கிறது, மெதுவாக இருக்கிறது, ஆனால் திறந்திருக்கிறது. முகர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவு தூரம் நான் இன்னும் உயரவில்லை. 'அனுப்ப வேண்டாம், இங்கேயே ஊட்டுவோம்' என்றேன். மூன்று மிளகை நம்பி எடுத்த முடிவு. இன்று கேட்டாலும், அது சரியான முடிவா, சரியாகப் போன முடிவா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்களுக்கும் அப்படிச் சில முடிவுகள் வாய்க்கும்.

சுடுதண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். உடம்பு சூடேறும் வரை காத்திருந்தோம். குளிர்ந்த வயிற்றில் எதையும் திணிக்கக் கூடாது. நீர், வலி மருந்து. பிறகு புல்பொடிக் குழம்பு. சிரிஞ்சை நான் பிடித்தால் பொரி தலையைத் திருப்பிக்கொண்டான். டீச்சர் பிடித்தபோது திருப்பவில்லை. எனவே டீச்சர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் துண்டில் சுற்றிய பொரியோடு, கொஞ்சம் கொஞ்சமாகக் கடைவாயில் வைத்தார். நான் பக்கத்தில் முழங்காலை நீட்டி உட்கார்ந்து, மென்று விழுங்கும் வரை அடுத்ததைக் கொடுக்கவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என்னுடைய மொத்த மருத்துவச் சேவை அதுதான்.

ஒரு மணிக்கு டீச்சரின் போன் அடித்தது. எனக்குக் கையெட்டும் தூரத்தில் மேசைமேல் இருந்தது. டீச்சரின் இரண்டு கையிலும் பொரி.

"மகதான்" என்றார். பலாச்சுளை, தயிர்சாதம், கிளினிக் எதையும் மகளிடம் அவர் சொல்லியிருக்கவில்லை. படுத்திருக்கும் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று பயம். சொன்னால் இந்த ஒரு நிமிடப் பேச்சும் நின்றுவிடும் என்று அதைவிடப் பெரிய பயம். எடுக்காமல் விட்டால் அதுவும் சந்தேகம். "ஸ்பீக்கர்ல போடுங்க டாக்டர்" என்றார். போட்டேன்.

"சாப்டாச்சா?" என்றது பெண் குரல்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கோழை. ஆச்சு என்று சொல்லிவிடுங்கள் என்று தலையை ஆட்டிக் காட்டினேன். டீச்சர் என்னைவிட்டு மடியைப் பார்த்தார்.

"இல்ல ஜெனி. ரெண்டு நாளா சாப்பிடலை. பலாப்பழம் குடுத்துட்டேன், என் தப்புதான். டாக்டர்கிட்ட இருக்கேன். காலையிலேருந்து மூணு புழுக்கைதான் போட்டிருக்கான். சிரிஞ்சுல ஊட்டிக்கிட்டிருக்கேன். எப்படியும் பொழைக்க வச்சிருவேன்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் போனை எடுத்துப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"அவன் இல்லம்மா" என்றாள் ஜெனி. "நான் ஒன்னையக் கேட்டேன்."

"என்ன?"

"தெனமும் ஒன்னையத்தான் கேக்குறேன். நீ கொத்தமல்லி சாப்பிட்டான், புல்லு சாப்பிட்டான்னு சொல்லுவ. சரி, இன்னும் கோவம் போகலை போலன்னு வச்சிருவேன்."

மூன்று வாரம். தினமும் ஒரு மணிக்கு. நான் விலங்கைக் கேட்டேன், இவர் தன்னைச் சொன்னார். மகள் இவரைக் கேட்டாள், இவர் விலங்கைச் சொன்னார். கிளினிக் டாக்டர் தன்னை விசாரிக்கக்கூடும் என்று நினைத்தவருக்கு, பெற்ற மகள் விசாரிப்பாள் என்று தோன்றவில்லை. நான் எழுந்து வெளியே போக நினைத்தேன். முழங்கால் அவ்வளவு சீக்கிரம் எழவிடாது. எனவே சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை மிகுந்த கவனத்தோடு படித்தேன்.

"சொல்லும்மா. சாப்டாச்சா?"

"இன்னும் இல்ல" என்றார் டீச்சர். சற்றுக் கழித்து, "காலையிலயும் இல்ல."

"மொதல்ல நீ சாப்பிடு. அப்பறம் அவனைப் பாரு. நான் திரும்பக் கூப்பிடுறேன்." அதற்குப் பிறகு, "அவன் தாங்குவான்மா. நீ பயப்படாத."

நான் கீழே போய் எலுமிச்சைச் சாதம் இரண்டு பொட்டலம் வாங்கிவந்தேன். டீச்சர் கையைக் கழுவிக்கொண்டு வந்து தரையிலேயே உட்கார்ந்தார். பிளாஸ்டிக் கவரின் முடிச்சை நான் அவிழ்த்தபோது அது சரசரத்தது. துண்டுக்குள் பொரியின் தலை திரும்பியது. டீச்சர் வீட்டில் கொத்தமல்லிக் கட்டு வருவது அப்படிப்பட்ட கவரில்தான். அந்தச் சத்தத்துக்கு அவன் விசிலடிப்பது வழக்கமாம். அன்றைக்கு விசில் வரவில்லை. ஆனால் தலை திரும்பியது. புத்தகத்தில் இதற்கு என்ன பெயர் என்று தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் அதற்குப் பிறகு சோறு இறங்கியது.

நாங்கள் சாப்பிடும்போது அவன் முன்னால் ஓர் அறுகம்புல்லைப் போட்டு வைத்தேன். கூட்டத்துப் பிராணி, மற்றவர் வாய் அசைந்தால் தன் வாயையும் அசைத்துப் பார்க்கும். புல்லை எடுத்தான். இந்தத் தடவை நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்தேன். ஒரு விரல் நீளம் இருந்தது. அப்படியே இருந்தது. அப்புறம் அரை விரல். அப்புறம் இல்லை.

நான்கு மணிக்குள் எட்டுப் புழுக்கை. டீச்சர் ஒரு பில் காகிதத்தின் பின்பக்கம் மணி போட்டு எழுதினார். ஐந்து மணிக்குப் பொரி தன் வயிற்றுக்குக் கீழே தலையைக் கொடுத்து, தான் போட்டதை நேராக வாயில் வாங்கி மென்றான். "சீச்சீ" என்று டீச்சர் கையை நீட்டினார். நான் தடுத்தேன். குடலின் கடைசியில் புளித்து வரும் மெத்தென்ற அந்த உருண்டையில்தான் விரட்டப்பட்ட குடித்தனக்காரர்கள் திரும்பி வருகிறார்கள் என்பதை எப்படிச் சுருக்கமாகச் சொல்வது என்று யோசித்தேன்.

"அதுதாங்க டீச்சர் அவனோட தயிர்சாதம்."

டீச்சர் கையை எடுத்துக்கொண்டார். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி வந்தார்கள். சேலையில் கஞ்சி இருந்தது. எடை எண்ணூற்று முப்பது. இடைப்பட்ட நாட்களின் கணக்கு ஒரு நோட்டில் வந்திருந்தது: தேதி, மணி, எண்ணிக்கை, நீளம் மில்லிமீட்டரில். அப்படியொரு நோயாளிக் குறிப்பை என் பணிக்காலத்தில் எந்த உதவியாளரும் எனக்கு எழுதித் தந்ததில்லை. நானும் யாருக்கும் எழுதியதில்லை. சனிக்கிழமை சாயங்காலத்துக்கு எதிரே எண்ணிக்கை இல்லை. 'துள்ளினான். இரண்டு தடவை' என்று இருந்தது.

நானும் பாடம் கற்றிருந்தேன். எழுவாயை முன்னால் வைத்து, வினைமுற்றைப் பின்னால் வைத்து, பள்ளிக்கூடத்துப் பையன்போலக் கேட்டேன்.

"பொரி இன்னைக்குக் காலையில புல்லு சாப்பிட்டானா டீச்சர்?"

"பொரி சாப்பிட்டான். நான் சாப்பிட்டேன். ஜெனியும் சாப்பிட்டுட்டா, இப்பத்தான் பேசுனேன்" என்றார். கூடைத் துணியை இழுத்து மூடிக்கொண்டே, "மாப்பிள்ளை அவனைப் பாக்க ஞாயித்துக்கெழமை வாராரு. எலை போட்டுச் சாப்பாடுன்னு சொல்லிட்டேன். இந்தத் தடவை நேரமாச்சுன்னு சொன்னா விடுறதா இல்ல" என்றார்.

படி வரை போனவர் நின்று திரும்பினார். "நீங்க சாப்டீங்களா டாக்டர்?"

அன்று காலை ஒரு நாய்க்குட்டிக்குக் காலில் முறிவு. எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

"ஆச்சுங்க டீச்சர்" என்றேன்.

டீச்சர் கூடையை மேல்படியில் இறக்கி வைத்தார்.

"எத்தனை இட்லி?"